அத்தியாயம் 6: உப்பு மணலில் டிடெக்டரை டியூன் செய்வது

தோட்டத்திலும் வயலிலும் ஒழுங்காக வேலை செய்த மெட்டல் டிடெக்டர், கடற்கரையின் ஈர மணலுக்கு மேல் காயிலை, அதாவது தேடும் வளையத்தை, இறக்கியதும் விடாமல் கத்தத் தொடங்கும். கருவி கெட்டுவிட்டது என்று பலர் நினைத்துவிடுவார்கள். கெட்டிருக்காது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும். கடத்துகிற எதையும் உலோகமாக எடுத்துக்கொள்ளும் கருவிக்கு, ஈரக் கரை முழுவதும் பரந்து கிடக்கும் ஒரே தகடுதான். ஆகவே கடற்கரையில் டியூன் செய்வதன் முதல் வேலை, எதையெல்லாம் கேட்க வேண்டாம் என்று கருவிக்குச் சொல்லிவைப்பது. மோதிரத்தையும் காசையும் கேட்க வைப்பது அதற்குப் பிறகு.

விளக்கத்துக்கு ஒரு கரையை வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், செபாஸ்டியன் ஊருக்கும் ஃபோர்ட் பியர்சுக்கும் நடுவே உள்ள அட்லாண்டிக் கரைக்குப் 'புதையல் கரை' என்று பெயர். ஹவானாவிலிருந்து ஸ்பெயினுக்கு வெள்ளியும் தங்கமும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய கப்பல் கூட்டத்தில் 11 கப்பல்கள் 1715 ஜூலை 31 அன்று புயலில் சிக்கி இங்கே உடைந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பின், கிப் வாக்னர் என்பவர் ராணுவம் கழித்துவிட்ட டிடெக்டர் ஒன்றைக் கொண்டு இந்த மணலில் ஸ்பானியக் காசுகளைத் தேடியெடுத்தார். மூழ்கிய கப்பல்கள் பலவற்றின் இடம் தெரிய வந்தது அதன் பிறகுதான். பெரும்புயல் மணலை அரித்துவிட்டுப் போன நாட்களில் இன்றும் அங்கே பழைய காசுகள் அகப்படுகின்றன. அதே மணலில் சுற்றுலாப் பயணிகள் தொலைத்த மோதிரங்கள், பீர் பாட்டில் மூடிகள், குளிர்பானக் கேனின் வளையங்கள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. டியூனிங்கின் எல்லாச் சிக்கலும் இந்த ஒரே கரையில் இருக்கிறது.

உப்பும் கருமணலும்

கடற்கரையில் கருவியைக் குழப்புபவை இரண்டு. ஒன்று உப்பு ஈரம். அது மின்சாரத்தைக் கடத்துவதால் வரும் தொல்லை. மற்றொன்று கருமணல், அதிலுள்ள மேக்னடைட், இல்மனைட் போன்ற இரும்புச் சத்துள்ள தாதுக்களின் காந்தத் தன்மையால் வரும் தொல்லை. காயில் அனுப்பிய அலைக்கு இவை இரண்டும் இரண்டு விதமாகப் பதில் தருகின்றன. இரும்புத் தாதுவின் பதில் கருவியின் அளவுகோலில் ஒரு முனையில் விழும். உப்பின் பதிலோ உலோகங்கள் தொடங்குகிற இடத்தில், மெல்லிய தங்கச் சங்கிலிக்கும் சாக்லேட் சுற்றும் தாளுக்கும் பக்கத்திலேயே விழும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உப்பை அடக்கும்போதெல்லாம் மெல்லிய சங்கிலியும் கொஞ்சம் சேர்ந்தே அடங்கும். இந்த இழப்பு இல்லாத டியூனிங் கிடையாது.

எந்தக் கருவி இவற்றை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்ப்போம்.

ஒற்றை அதிர்வெண் கருவி: நிலத்தின் பதிலை அடக்கும் இதன் கிரவுண்ட் பேலன்ஸ் ஒரு நேரத்தில் ஒரு பதிலைத்தான் அடக்கும். கருமணலுக்குச் சரிசெய்தால் உப்பு கத்தும். உப்புக்குச் சரிசெய்தால் கருமணல் கத்தும். 15 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் கேரட் ஏடி புரோ போன்றவை இந்த வகை. உலர்ந்த மணலுக்கு இவை போதும். ஈர மணலில் சென்சிட்டிவிட்டியை நன்றாகக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

பல அதிர்வெண் கருவி: அதிர்வெண் கூடக்கூட உப்பின் பதில் வலுக்கும், மேக்னடைட்டின் பதில் அவ்வளவாக மாறாது. ஒரே சமயத்தில் பல அதிர்வெண்களில் கேட்கும் கருவி, இந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டு இரண்டையும் கழித்துவிடுகிறது. 2018இல் வந்த மைன்லேப் இக்வினாக்ஸ் 800 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மற்ற மோடுகளில் 5 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் வரை ஒற்றை அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுக்க விடும் இந்தக் கருவி, பீச் மோடில் மட்டும் அதற்கு இடம் தருவதில்லை. அங்கே மல்டி ஒன்றுதான்.

பல்ஸ் இண்டக்‌ஷன், சுருக்கமாகப் பிஐ: இது ஒரு மின்துடிப்பை அனுப்பிவிட்டு, சில மைக்ரோ விநாடி பொறுத்து, அதன் பிறகே காதுகொடுக்கும். உப்புநீரில் எழும் மின்னோட்டம் அதற்குள் அடங்கிவிடும். உலோகத்தில் எழுந்தது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

உங்கள் கரையில் கருமணல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வலுவான காந்தத்தைப் பாலிதீன் பையில் போட்டு மணலில் இழுங்கள். கருந்தூள் தாடிபோல் ஒட்டினால் மேக்னடைட் இருக்கிறது. இல்மனைட் காந்தத்தில் அவ்வளவாக ஒட்டாது. அலை விட்டுச்சென்ற கருங்கோடுகளைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். புதையல் கரைக்கு வடக்கே உள்ள போன்டே வெட்ரா, முதல் உலகப்போர்க் காலத்தில் கடற்கரை மணலிலிருந்து இல்மனைட் எடுத்த இடம். அப்போது அதன் பெயரே மினரல் சிட்டி. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் இன்றும் இல்மனைட், மோனசைட், கார்னெட் எல்லாம் மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படுகின்றன. இப்படிப்பட்ட கரைகளில் ஒற்றை அதிர்வெண் கருவியை ஈர மணலுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கருவியைத் தொடுமுன்

டியூனிங் கோளாறு என்று சொல்லப்படுவதில் பாதி, டியூனிங்கைச் சேர்ந்ததே இல்லை. கீழே உள்ளவற்றை முதலில் சரிபாருங்கள்.

- கைக்கடிகாரம், மோதிரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றுங்கள். முனையில் இரும்பு வைத்த பூட்ஸ் வேண்டாம். தோண்டும் இரும்புக் கரண்டியைக் காயிலுக்கு எட்டாத தூரத்தில் பின்னால் இழுத்துவாருங்கள்.
- செல்போனை அணைத்துவிடுங்கள், அல்லது விமான மோடில் போடுங்கள்.
- காயிலின் ஒயர் தண்டில் இறுக்கமாகச் சுற்றியிருக்க வேண்டும். தொங்கி ஆடுகிற ஒயர் ஒவ்வொரு வீச்சிலும் பொய்ச் சத்தம் தரும்.
- காயிலுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தால் கழற்றிக் கழுவுங்கள். உறைக்குள் புகுந்த உப்புநீரும் மணலும் காயிலோடு சேர்ந்து அசைவதால் காரணமில்லாமல் சத்தம் வரும்.
- ஹெட்ஃபோன் கட்டாயம். ஆழத்தில் கிடக்கும் பொருளின் சத்தம் மிக மெல்லியது. அலையோசையில் அது காதில் விழாது.

ஈர மணலில் படிப்படியாக

இந்த வரிசையை மாற்றாதீர்கள். முந்தைய படி சரியாக இருந்தால்தான் அடுத்த படிக்குப் பொருள் உண்டு.

1. இடம். அலை வந்து போய், நீர் வடிந்து, காலடி லேசாகப் பதிகிற ஈர மணலில் நில்லுங்கள். உலர்ந்த மணலில் சரிசெய்துவிட்டு ஈரத்துக்கு இறங்கினால் எல்லாம் வீண். காயிலை ஒரு முறை வீசி, கீழே உலோகம் இல்லாத ஓர் அடி இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

2. மோடு. கருவியில் கடற்கரைக்கென்று மோடு இருந்தால் அதைப் போடுங்கள். இக்வினாக்ஸில் பீச் 1 உலர் மணலுக்கும் ஈர மணலுக்கும். பீச் 2 நுரையடிக்கும் இடத்துக்கும் நீருக்குள்ளும். பீச் 2 அனுப்பும் சக்தியைக் குறைத்துக்கொள்வதால் சத்தம் குறையும், ஆழமும் குறையும். ஆகவே பீச் 1 அடங்காதபோது மட்டும் பீச் 2க்குப் போங்கள்.

3. டிஸ்கிரிமினேஷனை, அதாவது சில உலோகங்களை ஒதுக்கும் வடிகட்டலை, நீக்குதல். டியூன் செய்கிற நேரத்தில் எல்லா உலோகத்தையும் கேட்கும் நிலையில் வையுங்கள். இல்லாவிட்டால் கருவி மறைத்துவைத்த இரைச்சல் உங்களுக்குத் தெரியாமலே போகும்.

4. நாய்ஸ் கேன்சல். காயிலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு ஓட்டுங்கள். மின்கம்பி, செல்போன் கோபுரம், பக்கத்தில் தேடுகிறவரின் டிடெக்டர் போன்றவற்றின் குறுக்கீடு குறைந்த அலைவரிசையைக் கருவி தானே தேடிக்கொள்ளும். காயிலை அசைக்காமல் வைத்திருந்தும் சத்தம் வந்தால் அது காற்றிலிருந்து வருவது. அசைத்தால் மட்டும் வந்தால் அது மணலிலிருந்து வருவது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டாலே எந்தக் குமிழைத் திருப்புவது என்ற குழப்பம் பாதி தீரும்.

5. கிரவுண்ட் பேலன்ஸ். காயிலை மணலுக்கு இணையாகப் பிடித்து, 5 செ.மீ. உயரத்திலிருந்து 15 அல்லது 20 செ.மீ. வரை சீராக ஏற்றி இறக்குங்கள். இக்வினாக்ஸில் இதற்கான மெனுவுக்குப் போய், சரி–தவறு குறி போட்ட பொத்தானை அழுத்தியபடி ஏற்றி இறக்க வேண்டும். ஏற்றினாலும் இறக்கினாலும் சத்தம் மாறாத நிலை வந்ததும் பொத்தானை விடுங்கள். காயிலைச் சாய்த்தோ மணலில் இடித்தோ செய்தால் கிடைக்கும் எண் தவறாக இருக்கும்.

6. சென்சிட்டிவிட்டி. இக்வினாக்ஸில் இது 1 முதல் 25 வரை. காயிலை வீசிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். காரணமில்லாத கீச்சுச் சத்தம் தொடங்கியதும் இரண்டு படி இறக்குங்கள். உப்பு ஈரத்தில் பெரும்பாலும் 16க்கும் 20க்கும் நடுவே வந்து நிற்பீர்கள்.

இந்த ஆறாவது படியில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். சென்சிட்டிவிட்டியைக் கூட்டினால் ஆழம் கூடும் என்பது மனக்கணக்கு. ஆனால் அது பொருளின் சத்தத்தை மட்டும் பெரிதாக்குவதில்லை. உப்பின் சத்தத்தையும் அதே அளவுக்குப் பெரிதாக்குகிறது. 25 செ.மீ. ஆழத்தில் கிடக்கும் மோதிரத்தின் முனகலை அந்த இரைச்சல் மூடிவிடும். 17இல் அமைதியாக ஓடும் கருவி, 23இல் கத்திக்கொண்டே ஓடும் கருவி எடுக்கத் தவறியதை எடுக்கும். இரண்டு மணி நேரம் இரைச்சலைக் கேட்ட காது நல்ல சிக்னலையும் தள்ளிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

7. மீட்பு வேகம். ஒரு பொருளைக் கேட்ட பின் அடுத்ததைக் கேட்கக் கருவி எவ்வளவு விரைவில் தயாராகிறது என்பதன் அளவு இது. கூட்டினால் உப்பு இரைச்சல் குறையும். ஆழமும் கொஞ்சம் குறையும். சென்சிட்டிவிட்டியைக் குறைத்தும் அடங்காத கரையில் இதை ஒரு படி கூட்டிப் பாருங்கள்.

8. சோதனை. அமெரிக்காவில் இதற்கு ஐந்து சென்ட் நிக்கல் காசைப் பயன்படுத்துவார்கள். 75 சதம் செம்பும் 25 சதம் நிக்கலும் கலந்த அந்தக் காசு, டிடெக்டரின் பார்வையில் தங்க மோதிரத்தை ஒத்திருக்கும். இக்வினாக்ஸில் 12 அல்லது 13 காட்டும். காசைத் தூண்டில் நரம்பில் கட்டிக்கொள்ளுங்கள். மணலில் ஒரு குழி தோண்டி, குழியின் பக்கச் சுவருக்குள் 20 செ.மீ. ஆழத்தில் காசைச் செருகுங்கள். மேலிருக்கும் மணல் கலையாமல் இருக்கும். காசைத் தொலைக்கவும் மாட்டீர்கள். இரண்டு திசையிலிருந்தும் வீசுங்கள். ஒரே மாதிரி சத்தம் இரண்டு பக்கமும் வந்தால் உங்கள் டியூனிங் சரி. ஒரு பக்கம் மட்டும் வந்தால் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள். காயிலுக்கு முன்னால் காற்றில் காசை ஆட்டிப் பார்க்கும் சோதனை, கடற்கரைக்கு எதையும் சொல்லாது.

ஒரு கரையில் மூன்று கரை

உலர் மணல், ஈர மணல், அலையடிக்கும் ஓரம் இவை மூன்றும் கருவிக்கு மூன்று வேறு நிலங்கள்.

உலர் மணலில் உப்பின் தொல்லை குறைவு. சென்சிட்டிவிட்டியைத் தாராளமாக ஏற்றலாம். இங்கே தொல்லை தருவது குப்பை: மூடிகள், தாள், கேன் வளையம். ஆட்கள் துண்டு விரித்துப் படுத்த இடங்களில் மெதுவாக வீசுங்கள்.

ஈர மணலில் நீர்விளிம்புக்கு இணையாக நடங்கள். கடலை நோக்கி இறங்கி ஏறி நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் ஈரம் மாறும். கிரவுண்ட் பேலன்ஸ் ஒவ்வோர் அடிக்கும் தவறும். இணையாக நடந்தால் நீண்ட தூரம் ஒரே ஈரம். ஒரு வரிசை முடிந்ததும் ஒன்றரை மீட்டர் கீழே இறங்கித் திரும்புங்கள். இறங்கிய பின் கருவி சிணுங்கினால் அங்கேயே மறுபடி பேலன்ஸ் செய்யுங்கள். காயிலை மணலுக்கு மேல் இரண்டு மூன்று செ.மீ. உயரத்தில், சீராக, ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூடும்படி ஓட்டுங்கள். மணல்மேட்டில் இடித்தாலோ காலடிக் குழிக்கு மேல் போனாலோ வரும் சத்தத்தை நம்ப வேண்டாம்.

அலையடிக்கும் ஓரம்தான் மூன்றிலும் கடினமானது. காயிலுக்கு மேல் அலை வரும்போதும் போகும்போதும் உப்பின் அளவு நொடிக்கு நொடி மாறுகிறது. பாதி நனைந்த காயில் எந்தக் கருவியிலும் கத்தும். ஒன்று, அலை பின்வாங்கிய இடைவெளியில் தேடுங்கள். அல்லது, காயில் முழுவதும் மூழ்கும் ஆழத்துக்குப் போய், அதை அடிமணலில் வைத்து அங்கேயே பேலன்ஸ் செய்யுங்கள். இக்வினாக்ஸ் 3 மீட்டர் வரை நீரைத் தாங்கும்; ஆனால் அதற்கான ஹெட்ஃபோனும் நீர் புகாததாக இருக்க வேண்டும்.

நேரம் பார்த்துப் போவதும் டியூனிங்கில் சேர்ந்ததுதான். தாழ் ஓதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக இறங்கினால், நீர் விலக விலகப் புதிய ஈர மணல் கிடைத்துக்கொண்டே இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகம் வற்றும். புயல் மணலை வாரிக்கொண்டு போய், கரை சுவர்போல் அரிந்து நிற்கிற நாள் இன்னும் நல்லது. கனமான பொருட்கள் மணலில் இறங்கிக்கொண்டே போய்க் களிமண்ணிலோ பாறையிலோ தங்கும்; புதையல் கரையில் பல இடங்களில் சிப்பி இறுகியுண்டான கோக்கினா பாறை அடியில் இருக்கிறது. ஒரு மீட்டர் மணலை அலை அகற்றித் தரும்போது எந்தக் குமிழும் தர முடியாத ஆழம் கிடைத்துவிடுகிறது.

திரையில் தெரியும் எண்

திரையில் வரும் எண் உலோகத்தின் பெயர் அல்ல. பொருளின் உலோகம், பருமன், வடிவம் மூன்றும் சேர்ந்து தரும் ஒரு கணக்கு. இக்வினாக்ஸ் 800இல் பெரும்பாலான தங்க மோதிரங்கள் 5க்கும் 20க்கும் நடுவே விழும். அலுமினியத் தாளும் கேன் வளையமும் அதே இடத்தில்தான் விழும். குப்பையைத் தவிர்க்க அந்த எண்களை அடைத்துவிட்டால் தங்கத்தையும் அடைத்தாயிற்று. ஆகவே கடற்கரையில் இரும்பின் எண்களை மட்டும் அடைத்துவிடுங்கள், மற்றதைத் தோண்டுங்கள். மணலில் தோண்டுவது சுலபம்.

சில நுணுக்கங்கள்:

- முழு வளையமாக உள்ள மோதிரம் வலுவாகக் கேட்கும். வெட்டுப்பட்ட மோதிரம் அதைவிட மிக மெல்லியதாகக் கேட்கும். சங்கிலியைக் கருவி ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கண்ணியாகப் பார்ப்பதால் பெரும்பாலும் கொக்கியோ பதக்கமோதான் சத்தம் தரும்.
- வெள்ளியும் செம்பும் மேல் எண்களில் வரும். ஆனால் முந்நூறு ஆண்டு உப்பில் கிடந்து கறுத்து அரித்த ஸ்பானிய வெள்ளிக் காசு, புது வெள்ளியைவிடக் கீழான எண்ணில், தடுமாறும் சத்தத்தோடு வரலாம். தங்கம் அரிக்காது.
- பாட்டில் மூடி இரும்புத் தகடு என்றாலும் மேல் எண்ணைக் காட்டி ஏமாற்றும். ஐயமான சத்தத்தை இரும்பாகவே எடுத்துக்கொள்ளச் செய்யும் ஐயர்ன் பயாஸைக் கூட்டினால் அந்த ஏமாற்று குறையும். ஆனால் ஆணியின் பக்கத்தில் கிடக்கும் காசும் மறைந்துவிடும். மூடிகள் குவிந்த இடத்தில் மட்டும் கூட்டுங்கள்.
- ஈர மணலில் 1, 2 போன்ற சிறு எண்கள் ஒரே இடத்தில் நிற்காமல் தாவினால் அது உப்பு. காயிலை ஒரு கை அகலம் நகர்த்தி மீண்டும் வீசுங்கள். அதே இடத்தில் அதே எண் வந்தால் தோண்டுங்கள்.

பிஐ கருவிக்கு

பிஐ கருவியில் திருப்ப வேண்டியவை குறைவு. முதலில் திரெஷோல்டு: காதுக்கு எட்டியும் எட்டாமலும் ஒரு ரீங்காரம் கேட்கும் அளவுக்கு வையுங்கள். ஆழத்தில் உள்ள பொருள் அந்த ரீங்காரத்தைச் சற்றே உயர்த்தும்; அதைக் கேட்கத்தான் அது. அடுத்தது பல்ஸ் டிலே: துடிப்புக்கும் கேட்பதற்கும் இடையிலுள்ள நேரம். குறைத்தால் சிறு தங்கம் கிடைக்கும். 10 மைக்ரோ விநாடியையொட்டிக் குறைத்தால் உப்புநீரே கேட்கத் தொடங்கும். கூட்டினால் தாளும் சிறு குப்பையும் மறையும், அவற்றோடு மெல்லிய மோதிரமும் மறையும். உப்பு அடங்கும் வரை கூட்டி அங்கே நிறுத்துங்கள்.

கருமணல் கரைக்கும் ஆழத்துக்கும் பிஐக்கு இணை இல்லை. இரும்பைப் பிரித்தறியாது என்பதுதான் குறை. தலைப்பின், தூண்டில் முள், துருப்பிடித்த ஆணி என எல்லாவற்றையும் தோண்ட வேண்டும். குப்பை குறைந்த, புயலில் அரிந்த கரைக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தம் அடங்காவிட்டால்

காயில் அசையாதபோதும் சத்தம்: செல்போனை அணையுங்கள், நாய்ஸ் கேன்சலை மறுபடி ஓட்டுங்கள், மின்கம்பியிலிருந்து விலகுங்கள்.

வீசும்போது மட்டும், எங்கும் சத்தம்: கிரவுண்ட் பேலன்ஸ், பிறகு சென்சிட்டிவிட்டியில் இரண்டு படி இறக்கம்.

வீச்சின் முனையில் மட்டும் சத்தம்: முனையில் காயிலைத் தூக்குகிறீர்கள். கையைச் சரிசெய்யுங்கள்.

கருங்கோடுகளின் மேல் மட்டும் சத்தம், அல்லது திடீர் மௌனம்: கோட்டின் மேலேயே நின்று பேலன்ஸ் செய்யுங்கள். பேலன்ஸைத் தானே தொடர்ந்து சரிசெய்யும் டிராக்கிங் வசதி இருந்தால் அங்கே மட்டும் போடுங்கள்.

எங்கு நின்றாலும், எதைச் செய்தாலும் சத்தம்: காயில் உறையையும் ஒயர் இணைப்பையும் பாருங்கள்.

அனுமதியும் ஒழுங்கும்

எவ்வளவு நன்றாக டியூன் செய்த கருவியும் தவறான இடத்தில் வம்புதான். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் எல்லைக்குள் மெட்டல் டிடெக்டர் பயன்படுத்தத் தடை உண்டு. புதையல் கரைக்கு வடக்கே உள்ள கனாவெரல் தேசியக் கடற்கரையும் அதில் அடங்கும். ஃபுளோரிடாவின் இந்தப் பகுதியில் மார்ச் முதல் அக்டோபர் வரை ஆமைகள் முட்டையிடும் காலம். குறியிட்ட கூடுகளின் பக்கம் போகாதீர்கள், மணல்மேடுகளில் ஏறாதீர்கள். இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். எந்தக் கரையாக இருந்தாலும் முன்கூட்டியே விசாரியுங்கள். தோண்டிய குழியை மூடுங்கள். எடுத்த குப்பையை மறுபடி மணலில் போடாதீர்கள்.

வீடு திரும்பியதும் காயிலையும் தண்டையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். பிறகு ஒரு குறிப்பேட்டில் நான்கு விஷயத்தை எழுதுங்கள்: கரையின் பெயர், ஓத நிலை, பேலன்ஸ் எண், அமைதியாக ஓடிய சென்சிட்டிவிட்டி. அடுத்த முறை அதே கரைக்குப் போகும்போது அந்த எண்களிலிருந்து தொடங்கினால், எட்டுப் படியும் சில நிமிடத்தில் முடிந்துவிடும். வேறொருவர் சொன்ன 'சிறந்த செட்டிங்' அவருடைய கரைக்கும் அவருடைய நாளுக்கும் உரியது. உங்கள் குறிப்பேட்டில் இருப்பது உங்கள் மணலுக்கு உரியது, அதையே நம்புங்கள்.